நாற்பதாயிரம் பிள்ளைகள் ஒரே முகாமில்: யார் யாருக்கு எப்போது சொல்வது?

கேள்வி, 18 பிப்ரவரி 2025, காலை

2027-ல் போலந்தில் நடக்கப்போகும் உலக சாரணர் ஜாம்போரிக்கு, அதாவது பல நாட்டுச் சாரணப் பிள்ளைகள் கூடும் பெரிய முகாமுக்கு, எங்கள் மாவட்டத்திலிருந்து சில பிள்ளைகளை அனுப்பலாம் என்று பேச்சு நடக்கிறது. வீட்டுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, தினமும் நாலு போட்டோ, முடிந்தது கதை என்று நினைக்கிறேன். ஆனால் 2023-ல் தென் கொரியாவில் நடந்த ஜாம்போரியைச் சொல்லி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அங்கே கெடுத்தது வெயில்தானே? வெயிலுக்குத் தகவல் பிரிவு என்ன செய்யும்?

பதில், 18 பிப்ரவரி, இரவு

போட்டோ போடுவது இந்த வேலையில் கடைசி வேலை. முதல் வேலை, தலைமையகத்தில் ஒருவர் எடுத்த முடிவு, கூடாரத்தில் படுத்திருக்கும் பதினான்கு வயதுப் பையனுக்குப் புரியும்படி, பயன்படுகிற நேரத்துக்குள் போய்ச் சேர்வது. அடுத்தது, அந்தப் பையன் காய்ச்சலோடு கிடக்கிறான் என்பது அதே வழியில் மேலே போய்ச் சேர்வது. பெற்றோர், பத்திரிகை, போட்டோ எல்லாம் அப்புறம்.

உலக ஜாம்போரியின் அமைப்பைப் பார்த்தால் இந்த வழி எவ்வளவு நீளம் என்று தெரியும். 14 முதல் 17 வயதுக்குள் 36 பிள்ளைகளும் பெரியவர்கள் 4 பேரும் சேர்ந்தால் ஒரு படை. பல படைகள் சேர்ந்து ஒரு துணை முகாம். இது இடத்தை வைத்துப் பிரித்தது. நாட்டை வைத்துப் பிரித்தது தனி: ஒவ்வொரு நாட்டுக் குழுவுக்கும் ஒரு தலைவர், அவருக்குக் கீழே நிர்வாகிகள், அதற்கும் கீழேதான் படைகளோடு வந்த சாரண ஆசிரியர்கள். இது போதாதென்று 18 வயது தாண்டிய தொண்டர்கள் இருக்கிறார்கள். ஐஎஸ்டி என்பார்கள். கையிலிருந்து பணம் கட்டி வந்து, சமையலறை முதல் கழிப்பறை வரை வேலை செய்கிறவர்கள். அவர்களுக்குத் தனி மேலாளர்கள். ஆக ஒரே செய்தி மூன்று வழியாக இறங்குகிறது. மூன்றிலும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் அது அதிசயம்.

என்னைப் பற்றி: சாரண ஆசிரியர். மாநில அளவு முகாம்களில் தகவல் கூடாரத்தில் உட்கார்ந்த அனுபவம் உண்டு. உலக ஜாம்போரி பற்றிச் சொல்வதெல்லாம் போய்வந்தவர்களைக் குடைந்து கேட்டதும், அந்தந்த நேரத்தில் செய்திகளைப் பின்தொடர்ந்ததும். வெயில் கேள்விக்குப் பதில் பிறகு சொல்கிறேன், தூக்கம் வருகிறது.

19 பிப்ரவரி

முதலில் வாட்ஸ்அப். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், எண்ணிக்கை உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. எல்லோரும் பேசலாம் என்பதுதான் பிரச்சினை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாநில முகாம். ஊர் பெயர் வேண்டாம். மதியம் கொடிக்கம்பத்துப் பக்கம் ஒரு பையன் மயங்கி விழுந்தான். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான். தண்ணீர் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் நின்ற பிள்ளை வீட்டுக்குப் போன் செய்தது. அந்த அம்மா பெற்றோர் குழுவில் ஒரு வாய்ஸ் நோட் போட்டார். அதில் அவர் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, நான் பிறகு கேட்டுப் பார்த்தேன். ஆனால் கைமாறிக் கைமாறி, மாலைக்குள் அது மூன்று பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் என்று ஆகிவிட்டது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஒரு வேன் நிறையப் பெற்றோர் முகாம் வாசலில். வாசலில் நின்ற காவலரிடம் கேட்கிறார்கள். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்கிறார். அவர் சொன்னது சத்தியமான உண்மை. அதைக் கேட்டு அழ ஆரம்பித்தவர்களை அடக்க முடியவில்லை.

கடைசியில் படைவாரியாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பெயர் படித்து, ஒவ்வொருவரையும் வீட்டோடு போனில் பேசவைத்தோம். அதுவரை நாங்கள் ஒலிபெருக்கியில் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

அதனால் இரண்டு குழு வையுங்கள். ஒன்றில் நீங்கள் மட்டும் எழுத முடிய வேண்டும். இன்னொன்றில் பெற்றோர் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். அந்த இரண்டாவதை மூட நினைக்காதீர்கள். மூடினால் உங்களுக்குத் தெரியாமல் மூன்றாவது ஒன்று பிறக்கும். அதில் என்ன ஓடுகிறது என்று உங்களிடம் சொல்ல ஆள் இருக்காது.

19 பிப்ரவரி, கொஞ்சம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. வாசல் காவலருக்கும் தினமும் இரண்டு வரி சொல்லிவைக்க வேண்டும். பெற்றோரும் நிருபரும் முதலில் பார்ப்பது அவரைத்தான்.

23 பிப்ரவரி

சரி, கொரியா.

25-வது உலக ஜாம்போரி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 12 வரை. இடம் வட ஜொல்லா மாகாணத்தில் புவான் பக்கம் சேமங்கும். கடலை அடைத்து எடுத்த நிலம். அடைத்த சுவரின் நீளம் 33.9 கிலோமீட்டர், உலகிலேயே நீளமான கடல் சுவர். மரம் கிடையாது, நிழல் கிடையாது, மழை பெய்தால் தண்ணீர் வடியாது. அங்கே 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 40 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள், கொரியாவில் வெப்ப எச்சரிக்கை உச்ச நிலையில் இருந்த வாரத்தில்.

ஆகஸ்ட் 2 இரவு தொடக்க விழா. நூற்றுக்கும் மேற்பட்டோர் வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் சிகிச்சை பெற்றார்கள். மறுநாள் நிருபர்கள் ஏன் இத்தனை பேர் என்று கேட்டார்கள். அமைப்புக் குழு அதிகாரி சொன்ன காரணங்களில் ஒன்று, கே-பாப் நிகழ்ச்சியில் பிள்ளைகள் உற்சாகமாக ஆடிச் சக்தியைச் செலவழித்துவிட்டார்கள் என்பது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் லண்டனில் விடியற்காலை போனைப் பார்க்கிற அம்மாவுக்கு அது எப்படிக் கேட்கும்? பிள்ளை சுருண்டு விழுந்ததற்குப் பிள்ளையே காரணம் என்று.

அதே நேரம் பிள்ளைகளின் போனிலிருந்து தண்ணீர் தேங்கிய தரை, பூச்சிக்கடி வீங்கிய கால்கள், பூஞ்சை பிடித்த முட்டை எல்லாம் படமாக வெளியே வந்துகொண்டிருந்தன. அதிகாரபூர்வமான பேச்சு அந்தப் படங்களுக்கு எப்போதும் ஒரு நாள் பின்னால்தான்.

ஆகஸ்ட் 4-ல் பிரிட்டன் வெளியேறப்போவதாக அறிவித்தது. சுமார் 4,500 பேர், வந்ததிலேயே மிகப் பெரிய குழு. அமெரிக்கக் குழு பியோங்டேக்கில் உள்ள தங்கள் ராணுவத் தளமான கேம்ப் ஹம்ப்ரீஸுக்குப் போனது. சிங்கப்பூரும் கிளம்பியது. உலக சாரணர் அமைப்பு, முகாமை முன்னதாகவே முடிப்பது பற்றி யோசிக்கச் சொன்னதாக அறிவித்தது. கொரிய அரசு, தொடர்ந்து நடக்கும் என்றது. ஒரே நாளில், ஒரே முகாமைப் பற்றி: ஒருவர் முடிக்கலாம் என்கிறார், ஒருவர் நடக்கும் என்கிறார், ஒருவர் பெட்டியைக் கட்டுகிறார். இந்த மூன்றில் எது தன் பிள்ளைக்குப் பொருந்தும் என்று ஒரு பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அமைப்புக் குழுவுக்கு ஐந்து இணைத் தலைவர்கள். மூன்று அமைச்சர்கள், ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், கொரிய சாரணர் சங்கத் தலைவர். கல்யாண வீட்டில் ஐந்து பெரியப்பாக்கள் பந்தி பரிமாற உத்தரவு போடுவதை யோசித்துப் பாருங்கள்.

பிரிட்டன்காரர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது, வெளியேறியதைவிட அதைச் சொன்ன விதம். அவர்களுடைய சாரணர் அமைப்பின் அப்போதைய தலைமை நிர்வாகி மாட் ஹைட் முன்னின்று பேசினார். கழிப்பறைச் சுத்தம், சாப்பாடு, வெப்பம், மருத்துவ வசதி என்று நாலு காரணம் சொன்னார். பிள்ளைகள் எங்கே போகிறார்கள், சியோலில் ஓட்டல்களுக்கு, என்பதும் கூடவே வந்தது. செலவு பத்து லட்சம் பவுண்டுக்கு மேல், கையிருப்பிலிருந்து. அதையும் மறைக்கவில்லை. பல பிள்ளைகளுக்கு முகாமைவிட்டுப் போக மனமே இல்லை, அது வேறு கதை.

24 பிப்ரவரி

“எல்லாவற்றையும் தகவல் பிரச்சினையாக்குகிறீர்களே, நிழல் பந்தல் போட்டிருந்தால் இத்தனை பேச்சே வந்திருக்காதே” என்று ஒருவர் கேட்கிறார். வந்திருக்காது. பந்தலுக்குப் பதில் அறிக்கை கொடுத்தால் வேகாது. என் கட்சியும் அதுதான்.

2 மார்ச்

கொரியாவில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது வெயிலையும் முட்டையையும் விட, ஏமனை.

கானுன் புயல் வருகிறது என்று ஆகஸ்ட் 7-ல் முகாமைக் காலி செய்ய முடிவானது. மறுநாள் காலை 9 மணிக்குத் தைவான் குழுவோடு முதல் பேருந்து கிளம்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகள், 156 நாடுகளைச் சேர்ந்த சுமார் 37 ஆயிரம் பேர். சியோலிலும் சுற்றியுள்ள மாகாணங்களிலும் கல்லூரி விடுதிகள், நிறுவனங்களின் பயிற்சி மையங்கள் என்று கிடைத்த இடத்திலெல்லாம் தங்கவைத்தார்கள். ஒரு நாள் முன்னறிவிப்பில் இதைச் செய்தது சாதாரண காரியமில்லை. ஓட்டுநர்கள், விடுதிக்காரர்கள், உள்ளூர் அலுவலர்கள் எல்லோரும் ராப்பகலாக வேலை செய்திருப்பார்கள்.

இதில் தென் சுங்சொங் மாகாணத்தில் ஹொங்சொங் என்ற ஊருக்கு ஒரு தகவல் போகிறது: ஏமன் குழு 175 பேர் உங்களிடம் வருகிறார்கள். ஒரு கல்லூரி விடுதியைத் தயார் செய்கிறார்கள். இருக்கிற அவசரத்திலும் 175 பேருக்கும் சாப்பாடு தயார். அதிகாரிகள் காத்திருக்கிறார்கள். நேரம் போகிறது, பேருந்து வரவில்லை. விசாரித்தால், ஏமன் குழு கொரியாவுக்கே வரவில்லை! முகாம் ஆரம்பித்து ஒரு வாரம் ஆன பிறகும், முகாமில் இல்லாத ஒரு குழு பட்டியலில் இருந்திருக்கிறது. சிரியா குழுவுக்கும் இப்படி ஒரு இடம் ஒதுக்கப்பட்டது, அவர்களும் வரவில்லை.

சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. அப்புறம் ஒன்று உறைத்தது. வராத 175 பேர் பட்டியலில் இருக்க முடியுமானால், வந்த ஒரு பையன் பட்டியலில் இல்லாமலும் இருக்க முடியும். அந்தப் பையனுடைய அம்மா கூப்பிட்டால் தகவல் பிரிவு என்ன சொல்லும்?

யார் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற ஒரு தாள் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சமாளிக்கலாம். அது இல்லையென்றால் எவ்வளவு அழகாக அறிக்கை எழுதினாலும் உள்ளே ஒன்றும் இருக்காது.

3 மார்ச்

திருச்சி நண்பர் எழுதியது: “பதிவு செய்தவர்களை எண்ணியிருப்பார்கள், அது இயல்புதானே.” இயல்புதான், அதனால்தான் எல்லா இடத்திலும் நடக்கிறது. பதிவு செய்தவர், விமானம் ஏறியவர், முகாம் வாசலில் கையெழுத்துப் போட்டவர், இன்று காலை கூடாரத்திலிருந்து எழுந்தவர்: நாலும் நாலு எண்ணிக்கை. பேருந்து ஏற்றும்போது வேண்டியது நாலாவது.

இதற்கு நேர் எதிராக, அதே ஆகஸ்ட் முதல் வாரத்தில் போர்ச்சுகல் லிஸ்பனில் கத்தோலிக்கர்களின் உலக இளைஞர் தினம். முறையாகப் பதிவு செய்தவர்கள் சில லட்சம். நிறைவுத் திருப்பலிக்கு ஆற்றங்கரையில் திரண்டவர்கள் சுமார் 15 லட்சம். அவ்வளவு கூட்டத்தில் பெயர்ப் பட்டியல் பற்றி யாரும் கனவுகூடக் காண முடியாது. அங்கே தகவல் வேலை வேறு ஜாதி: வழிகாட்டிப் பலகை, பெரிய திரை, தொண்டர்கள், மொழிபெயர்ப்பு. உங்களுக்கு அது வேண்டாம். உங்கள் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், எண்ணிவிடுங்கள்.

9 மார்ச்

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் பழங்கதை.

1929-ல் இங்கிலாந்தில் ஏரோ பார்க்கில் நடந்த ஜாம்போரியில் மழை கொட்டிச் சேறு முழங்காலைப் பிடித்தது. அங்கே முகாமுக்கென்றே தினசரிப் பத்திரிகை ஒன்று அச்சாகி வந்தது, டெய்லி ஏரோ என்று. நாளைக்கு என்ன, எந்த இடம் மாறியது, யார் வருகிறார்கள் எல்லாம் காகிதத்தில். எல்லோருக்கும் ஒரே காகிதம், ஒரே வரி. நம்முடைய ஆப்களுக்கு இந்த ஒரு குணம் அமைவது கஷ்டம். ஒருவர் அறிவிப்பை அணைத்து வைத்திருப்பார், ஒருவர் போன் சார்ஜ் இல்லாமல் கிடக்கும்.

1957-ல் சட்டன் பார்க்கில் நடந்தபோது அமெச்சூர் வானொலி நிலையம் ஒன்று வைத்தார்கள். பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடு ஒருவர் பேசுவது, ஹாம் வானொலி என்பதும் இதுதான். அங்கே சந்தித்த வானொலிக்காரர்கள் இதை விடாமல் தொடரலாம் என்று முடிவு செய்ய, லெஸ் மிட்செல் முன்னின்று 1958 மே மாதம் முதல் வான்வழி ஜாம்போரியை, அதாவது சாரணர்கள் வானொலியில் பேசிக்கொள்ளும் ஜாம்போரியை, நடத்தினார். இன்றைக்கும் ஒவ்வொரு அக்டோபரிலும் இணையத்தையும் சேர்த்து நடக்கிறது. உங்கள் ஊரில் ஹாம் வானொலிக்காரர் யாராவது இருந்தால் பிள்ளைகளை ஒரு முறை கூட்டிப் போங்கள். மைக்கை அழுத்தி, சுருக்கமாகச் சொல்லி, “ஓவர்” என்று நிறுத்தி, எதிராளி திரும்பச் சொல்வதைக் கேட்கிற பழக்கம் வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் வராது. எங்கள் பையன்களில் ஒருவன் அதற்குப் பிறகு வீட்டிலும் அப்பாவிடம் “ரோஜர்” என்று சொல்லி அடிவாங்கியதாகக் கேள்வி.

2019-ல் மேற்கு வர்ஜீனியாவில் எல்லோர் கையிலும் நோவஸ் என்று ஒரு கருவி கட்டிவிட்டார்கள். இரண்டு பேர் பக்கத்தில் நின்று அழுத்தினால் ஒருவர் விவரம் மற்றவருக்குப் போகும். நண்பராவதற்கு அருமை. அவசரச் செய்திக்கு ஒலிபெருக்கியும் அணித் தலைவனும்தான் (படையை எட்டு ஒன்பது பேராகப் பிரித்தால் ஒரு அணி).

அணித் தலைவன் என்றதும் ஞாபகம்: 1971-ல் ஜப்பானில் ஃபூஜி மலையடிவாரத்தில், அசாகிரியில், புயல் வந்து ஆயிரக்கணக்கானவர்களை முகாமிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். செல்போன் என்ற பேச்சே இல்லாத காலம். படைக்கு ஒரு ஆள், அணிக்கு ஒரு ஆள், வாய்மொழி. எட்டு ஒன்பது பேரைத் தலை எண்ணுவது பதினைந்து வயதுப் பையனுக்கு முடியும். முப்பத்தாறு பேரை எண்ணச் சொன்னால் பெரியவர்களுக்கே தப்பும்.

14 ஏப்ரல்

கொரியத் தணிக்கை வாரியத்தின் அறிக்கை இந்த மாதம் வந்துவிட்டது. அதைப் பற்றிய செய்திகளைப் படித்தபிறகு பிப்ரவரி 24 குறிப்பைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கிறது.

அங்கே, பந்தல் இல்லாத குறையை அறிக்கையால் தீர்க்க முடியாது என்று எழுதினேன். அது நிற்கிறது. ஆனால் பந்தல் ஏன் இல்லை? தணிக்கை வாரியம் சொல்வதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இது: முகாமுக்குச் சில நாட்கள் முன், 2023 ஜூலையில், பொறுப்பு அமைச்சகம் அமைச்சரவைக்கு வசதிகள் எல்லாம் நிறுவி முடிந்தன என்று தெரிவித்திருக்கிறது. முடியவில்லை என்பது களத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். கீழே தெரிந்தது மேலே போகும் வழியில் “முடிந்தது” ஆகிவிட்டது.

நாம் இத்தனை நாளும் மேலிருந்து கீழே வருவதையும் உள்ளிருந்து வெளியே போவதையும் பேசிக்கொண்டிருந்தோம். கெட்டது கீழிருந்து மேலே போகிற வழி. அந்த வகையில் கேள்வி கேட்டவருக்குப் பதில்: ஆகஸ்டில் வெயிலுக்குத் தகவல் பிரிவு ஒன்றும் செய்ய முடியாதுதான். ஜூலையில் ஒரு நேர்மையான தாள் மேலே போயிருந்தால் ஏதாவது செய்திருக்க முடியும்.

இன்னொன்று, ஒத்திகை. ஜப்பான் 2015-ல் யமாகுச்சியில் நடத்திய இடமும் கடலோரம் மீட்டெடுத்த நிலம்தான், கிராராஹாமா. அங்கேயும் கடும் வெயில்தான். ஆனால் 2013-லேயே அதே மைதானத்தில் தங்கள் தேசிய ஜாம்போரியை நடத்திப் பார்த்துவிட்டார்கள். சேமங்குமில் 2022 ஆகஸ்டில் நடக்கவேண்டிய முன்னோட்ட ஜாம்போரி சில வாரங்கள் முன் ரத்தானது. கொரோனா காரணம் என்றார்கள், நிலமும் தயாராக இல்லை. எந்த ஒலிபெருக்கி எந்த மூலைக்குக் கேட்காது, எந்த ஐஎஸ்டிக்கு யார் மேலாளர் என்பதெல்லாம் ஒத்திகையில்தான் தெரியும்.

15 ஏப்ரல்

“அரசாங்க விஷயம், நமக்கென்ன” என்று ஒருவர். ஐயா, நம் பள்ளியில் கழிப்பறை தயாரா என்று கேட்டால் நாம் என்ன எழுதி அனுப்புகிறோம்? நான் இதற்கு மேல் விரிக்கவில்லை, பணியில் இருக்கிறேன்.

27 ஏப்ரல்

போலந்துக்கு வருவோம். 26-வது ஜாம்போரி, 2027 ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 8 வரை, க்தான்ஸ்க் நகரை ஒட்டிய சோபியெஷெவோ தீவு. 2017-ல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த உலக சாரணர் மாநாட்டில் 2023-க்காகப் போட்டியிட்டு 607-க்கு 365 என்று கொரியாவிடம் தோற்ற அதே க்தான்ஸ்க். தோற்றவர்கள் வென்றவர்களின் முகாமை உன்னிப்பாகக் கவனித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கோடையில் போலந்து நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். பிள்ளைகள் இரவு பத்து மணிக்குக் கூடாரத்தில் படுத்துக்கொண்டு வீட்டுக்குப் பேசினால் இங்கே ஒன்றரை மணி. பாதித் தூக்கத்தில் எழுந்த அம்மாவுக்கு எந்தச் செய்தியும் கெட்ட செய்தியாகத்தான் கேட்கும். அதனால் உங்கள் தினசரிச் செய்தியை அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில், நமக்கு மாலை நாலரைக்கு வையுங்கள். விசேஷம் எதுவும் இல்லாத நாளிலும் அதே நேரத்துக்கு அனுப்ப வேண்டும். நாலு நாள் சரியாக வந்து ஐந்தாம் நாள் வராமல் போனால்தான் கலவரம்.

யார் அனுப்புவது? உங்கள் ஊரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். முகாமில் இருப்பவரிடம் விடாதீர்கள். அங்கே இருப்பவர் பிள்ளைகளோடு சேற்றில் நிற்பார், போனில் சார்ஜ் இருக்காது. அவர் உங்களுக்கு நாலு வரி குறுஞ்செய்தி அனுப்பினால் போதும், அதை விரிப்பதும் இருபது கேள்விக்குப் பதில் சொல்வதும் ஊரில் இருப்பவர் வேலை. பிள்ளைகளின் பாஸ்போர்ட் எண், மருந்து விவரம், ரத்த வகை எல்லாம் அவரிடம் காகிதத்தில் இருக்கட்டும்.

பிள்ளை கையிலும் ஒரு அட்டை. படை எண், துணை முகாம் பெயர், சாரண ஆசிரியர் எண், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இருக்கட்டும், உலக ஜாம்போரியில் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான் ஓடும். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையைக் கூச்சம் வாயைக் கட்டிவிடும். அட்டையை நீட்டினால் பேசவே வேண்டாம்.

30 ஏப்ரல்

போட்டோ பற்றி விடாமல் கேட்கிறீர்கள். போடுங்கள். ஆனால் முகமும் பெயரும் கூடார எண்ணும் ஒரே படத்தில் வராமல் பாருங்கள். உலக ஜாம்போரிக்குப் போகும் பெரியவர்கள் எல்லோரும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தாக வேண்டும், அதில் இதெல்லாம் வரும். ஊரில் இருந்து செய்தி அனுப்புகிறவரையும் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், எல்லாப் பிள்ளையும் வாரத்தில் இரண்டு முறையாவது படத்தில் வர வேண்டும். தன் பிள்ளை மட்டும் எந்தப் படத்திலும் இல்லை என்று கவலைப்படும் அப்பாவிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

11 மே

பிள்ளைகளைப் படம் போடக்கூடாது என்று தடுக்கலாமா என்று கேள்வி. முடியாது, வேண்டவும் வேண்டாம். சேமங்குமில் அந்த முட்டைப் படம் வெளியே வராவிட்டால் மேலே இருந்தவர்கள் இன்னும் ஒரு நாள் மெதுவாக நகர்ந்திருப்பார்கள். பிள்ளையிடம் சொல்ல வேண்டியது: “குறை இருந்தால் முதலில் எங்களிடம் காட்டு. மாலைக்குள் நாங்கள் பதில் சொல்லாவிட்டால் உன் இஷ்டம்.” இதைச் சொல்லிவிட்டால் பெரியவர்களுக்கும் மாலைக்குள் பதில் தேடும் பயம் வரும். எழுத ஆசையுள்ள பிள்ளைகள் இருந்தால், ஜாம்போரிகளில் இளம் நிருபர்கள் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, விசாரியுங்கள்.

நிருபர் போன் செய்தால் ஒருவர் மட்டும் பேசட்டும். கொரியாவில் முகாமே காலியாகிக்கொண்டிருந்தபோது பொறுப்பு அமைச்சர், இது நாட்டின் நெருக்கடி சமாளிக்கும் திறனைக் காட்டும் தருணம் என்கிற பொருளில் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். வெளியேற்றம் நன்றாகவே நடந்தது, பாராட்டும் நியாயம். ஆனால் தன்னைத்தான் பாராட்டிக்கொள்ள அது நேரமா? பிள்ளைகள் எங்கே என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் பாராட்டு வேறு யாராவது கொடுத்திருப்பார்கள்.

12 மே

ஒரு தமாஷ். லிஸ்பனில் 2023 ஆகஸ்ட் 6-ல் போப் பிரான்சிஸ் அடுத்த உலக இளைஞர் தினம் சியோலில் என்று அறிவித்தார். அன்றைக்குக் கொரியாவில் சாரணர்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த சியோல் நிகழ்ச்சி 2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை. போலந்து ஜாம்போரி முடிவதும் ஆகஸ்ட் 8. கொரியாவில் இளைஞர் கூட்டமும் ஐரோப்பாவில் இளைஞர் கூட்டமும் மறுபடி ஒரே வாரத்தில், இந்த முறை இடம் மாறி. இரண்டு இடத்துக்கும் பிள்ளைகளை அனுப்பும் குடும்பம் ஏதாவது இருந்தால் அவர்கள் தூங்கப்போவதில்லை.

1 ஜூன்

கேள்வி கேட்டவர் ஒரு மாதிரிச் செய்தி கேட்டார்: “எல்லாம் சரி, அந்தத் தினசரிச் செய்தி எப்படி இருக்க வேண்டும், எழுதிக் காட்டுங்கள்.” இதோ. ஊர், பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்.

“மாலை 4.30 (அங்கே மதியம் 1). நம் பிள்ளைகள் எல்லோரும் முகாமில் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டின்போது பெயர் படித்துச் சரிபார்த்தோம். ஒருவருக்கு வயிறு சரியில்லை, மருத்துவக் கூடாரத்தில் பார்த்து மருந்து கொடுத்தார்கள். அவர் வீட்டில் பேசிவிட்டோம், உங்களுக்கு போன் வரவில்லையென்றால் அது உங்கள் பிள்ளை இல்லை. நாளை மழை என்கிறார்கள். கடற்கரை நிகழ்ச்சி நடக்குமா என்று இன்னும் முடிவாகவில்லை. அடுத்த செய்தி நாளை காலை 10.30 (அங்கே 7).”

“உங்களுக்கு போன் வரவில்லையென்றால்” என்று வருகிற வரியை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். அது இல்லாமல் ஒரு முறை அனுப்பிப் பாருங்கள், எத்தனை போன் வருகிறது என்று தெரியும்.